35 போதும் என்று யார் தீர்மானித்தது?

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்ததும் நம்முடைய அரசுப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். பத்தாம் வகுப்பில் யாரெல்லாம் தேறுவது சந்தேகமோ அந்தப் பெயர்களெல்லாம் அதில் ஏறும். 'மெல்லக் கற்போர்' என்று அதற்குப் பெயர். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. மக்கு, மண்டு என்று சொன்ன வாய்தான் இப்போது மெல்லக் கற்போர் என்கிறது, நம்மை ஒரு காலத்தில் ஹரிஜன் என்று கூப்பிட்ட மாதிரி. பட்டியலில் சாதி எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பெயருக்கு எதிரே உள்ள தெருவைப் படித்தால் போதும். காலனி, காலனி, அருந்ததியர் தெரு, காலனி, இருளர் குடியிருப்பு, விடுதி, விடுதி.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். நல்லது. பலகையை மாற்றியாகிவிட்டது. பட்டியலை எப்போது மாற்றுவார்கள்?

பட்டியலில் ஏறிய பிள்ளைக்கு ஆங்கிலத்துக்கென்று ஒரு மெல்லிய கையேடு கிடைக்கும். "இத மட்டும் பாருடா. 35 வந்துடும். பாஸாயிட்டா போதும்ல?" என்று வாத்தியார் சொல்லுவார். அதட்டிச் சொல்பவரும் உண்டு, பரிவோடு சொல்பவரும் உண்டு. அந்தக் கையேட்டில் மனப்பாடப் பாட்டு இருக்கும். ஒரு கடிதத்தின் சட்டகம் இருக்கும். பிறகு ஒரு பத்தி இருக்கும், அதுதான் அதிசயம். எந்தக் கவிதையைக் கேட்டாலும் அந்த ஒரே பத்தியை எழுதலாம். தலைப்பையும் கவிஞர் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கவிதை மிக அழகானது, கவிஞர் மிக அருமையாகச் சொல்கிறார், நமக்கு நல்ல கருத்தைத் தருகிறார், அவ்வளவுதான். கவிதை மழையைப் பற்றியதா மரணத்தைப் பற்றியதா என்பது எழுதுகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. அரைகுறையாக ஒப்பித்தாலும் மதிப்பெண் விழும்.

நான் கேட்பது இதுதான். 35 போதும் என்று யார் தீர்மானித்தது? யாருக்குப் போதும்? எதற்குப் போதும்?

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் பத்தாண்டுகளாக மாலை வகுப்பு நடத்திவருகிறோம். நானும் இன்னும் மூன்று பேரும். கரண்ட் இருக்கிற நாளில் டியூப்லைட், இல்லாத நாளில் செல்போன் வெளிச்சம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். கணக்குக்கு வருகிறவர்களைவிட ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கல்வியாளர் என்ற ஹோதா எதுவும் எனக்கில்லை.

முதலில் தேர்வு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். 2019-20 கல்வியாண்டுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள். அந்த ஆண்டிலிருந்து ஒரே தாள். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. கூட்டினால் நூறு சரியாக வந்துவிடும். அந்த நூறில் வாய்க்கு எத்தனை, காதுக்கு எத்தனை என்று தேடிப் பாருங்கள். ஒன்றுமில்லை. நூறும் கைக்குத்தான். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு என்று 25 மதிப்பெண் இருக்கிறது. குடுவையைப் பிடித்துக் காட்டினால்தான் அறிவியல் என்று தெரிந்தவர்களுக்கு, வாயைத் திறந்து காட்டினால்தான் மொழி என்று தெரியாமலா இருக்கும்? மத்திய வாரியப் பள்ளிகளில் பள்ளி அளவிலான மதிப்பீட்டிலாவது கேட்பதற்கும் பேசுவதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

தேர்வில் கேட்காததைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பாடப்புத்தகத்தில் பேசும் பயிற்சி, கேட்கும் பயிற்சி என்று ஒவ்வொரு பாடத்திலும் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. அவனுக்கு வீட்டில் கிடைக்கும், கான்வென்ட்டில் கிடைக்கும், சித்தப்பா அமெரிக்காவிலிருந்து போனில் பேசுவார். கரும்பு வெட்டப்போன அப்பா அம்மாவை ஆறு மாதம் பார்க்காத பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடம் ஒன்றுதான் வாசல். அந்த வாசலில் பேச்சு கிடையாது என்று எழுதிப் போட்டாயிற்று.

"பேசறதுக்கு மார்க் வச்சா ஒங்க பசங்கதான் மொதல்ல பெயிலாவாங்க" என்று நமக்கு வேண்டியவர்களே சொல்கிறார்கள். பரிவாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தத் தேர்வை வைக்காவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா? மூன்று வருஷமோ ஆறு வருஷமோ தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இன்ஜினியரிங் கல்லூரியின் முதல் வகுப்பில் வைப்பார்கள். கம்பெனி நேர்முகத்தில் வைப்பார்கள். அந்தத் தேர்வுக்குப் பாடத்திட்டம் கிடையாது, கையேடு கிடையாது, துணைத்தேர்வும் கிடையாது. தோற்றவனுக்கு எதில் தோற்றான் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 'கம்யூனிகேஷன் போதாது' என்று ஒரு வார்த்தை. தகுதி திறமை என்று நீட்டி முழக்கிய பழைய பல்லவியின் புதுச் சுருக்கம்.

இனி படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

எங்கள் வகுப்புக்குப் புதிதாக வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலில் தமிழ் எழுத்து இருக்கும். பிகாஸ், பியூட்டிஃபுல், தேர்ஃபோர். வாத்தியார் பார்த்தால் திட்டுவார் என்று பொடியாக எழுதியிருப்பார்கள். நாங்கள் திட்டுவதில்லை. சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை தானே கண்டுபிடித்த ஊன்றுகோல் அது. ஆனால் ஊன்றுகோல் ஊன்றுகோல்தான். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பையன் அந்த வரியை முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டே வருவான், விரல் இருக்கும் இடம் வந்ததும் நிறுத்துவான். வரி தெரியும், சொல் தெரியாது. பத்தாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளையின் நிலைமை இது. ஆங்கிலத்தில் எழுபதுக்குமேல் எடுத்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்லூரியிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து "இதுல என்ன போட்டிருக்குண்ணா?" என்று கேட்டாள். அந்த எழுபதும் அவள் உழைத்து வாங்கியதுதான். அவளுக்குக் கற்றுத்தராமலேயே அந்த எழுபதைக் கொடுத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

படிப்பதற்குப் பாடப்புத்தகம் மட்டும் போதாது. மாத்திரை அட்டை, கரண்ட் பில், பேங்க் சலான், பஸ் பின்னால் ஒட்டிய விளம்பரம் எல்லாவற்றையும் எங்கள் வகுப்பில் படிக்கிறோம். ஒருநாள் எல்லோரையும் சாதிச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னோம். அதில் தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது. 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஷெட்யூல் என்றால் என்ன? அட்டவணை. யார் போட்ட அட்டவணை? 1935 இந்திய அரசுச் சட்டத்தில் வந்த சொல். பக்கத்திலேயே ஆதி திராவிடர் என்று இருக்கிறதே, அது? பறையர், பஞ்சமர் என்று அரசாங்க ஏட்டில் எழுதியதை மாற்றச் சொல்லி எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் வாதாடி, 1922 இல் ஆணை வந்தது. இரண்டு சொல்லைப் படிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. ஒருத்தனும் கொட்டாவி விடவில்லை. தன்னைப் பற்றி அடுத்தவன் என்ன எழுதிவைத்திருக்கிறான் என்று படிக்கத் தெரிவதுதான் முதல் படிப்பு.

பிளஸ் டூ பிள்ளைகளோடு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படிக்கிறோம். அதில் 'பப்ளிக் வியூ' என்று இரண்டு சொற்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தினால்தான் குற்றம். நாலு சுவருக்குள் பேசியது பொதுப் பார்வையில் வராது என்று 2020 இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சின்னச் சின்ன இரண்டு சொல். அதற்கு என்ன பொருள் என்பதில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்குகிறது. நம் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றைக்கும் ஆங்கிலம்தான். தமிழைக் கொண்டுவர வேண்டும் என்று 2006 இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற ரீதியில் எழுதி அவர்களை விடுதலை செய்த தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தாங்களே படிக்க வேண்டாமா? இன்னொருத்தர் படித்துச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா?

அடுத்தது எழுதுதல். தேர்வில் ஒரு கடிதம் கட்டாயம் வரும். குடிநீர் சரியாக வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுத வேண்டும். விடைத்தாளில் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயருக்கு 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்', ஊருக்கு 'ஒய் ஒய் ஒய்' என்று போடச் சொல்வார்கள். தேர்வுக்கு அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வகுப்பிலும் அப்படியே பழக்குகிறார்கள். பத்து வருஷம் ஆங்கிலம் படித்து முடிக்கிற பிள்ளை தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஊரிலிருந்து ஒரு கடிதம்கூட எழுதிப் பார்த்ததில்லை. பெயரில்லாதவனாக, ஊரில்லாதவனாக, மெத்தப் பணிவுடன் மனுக் கொடுக்கப் பழகிக்கொள்கிறான்.

எங்கள் வகுப்பில் பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாததைப் பற்றி முதலில் தமிழில் எழுதுவோம், பிறகு ஆங்கிலத்தில். தமிழ் மனு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகும். ஆங்கில மனு நோட்டிலேயே இருக்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குடிநீர்த் தொட்டியைப் பற்றி எழுதும்போது கேட்டாள்: "அண்ணா, வேங்கைவயல்ல தொட்டியில மலத்தக் கலந்தாங்களே, அத இங்லீஷ்ல எப்படி எழுதறது?" புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில் நடந்தது அது. கையேட்டுக் கடிதத்தில் 'தண்ணீர் அழுக்காக வருகிறது' என்பதற்குத்தான் ஆங்கிலம் இருக்கிறது. தண்ணீரில் யார், ஏன், எதைக் கலந்தார்கள் என்பதற்கு இல்லை. அந்த வாக்கியத்தை அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து எழுதினோம். 'கலந்துவிட்டது' என்று எழுதுவதா, 'கலந்தார்கள்' என்று எழுதுவதா என்பதில் சண்டை வந்தது. செய்வினை செயப்பாட்டுவினைப் பாடம் அதற்குப் பிறகு யாருக்கும் மறக்கவில்லை. செய்தவனை வாக்கியத்திலிருந்து ஒளித்துவைக்க இலக்கணத்தில் ஒரு வழி இருக்கிறது என்று பதின்மூன்று வயசிலேயே தெரிந்துகொண்டார்கள்.

வழி சொல்லும் கேள்வி ஒன்றும் உண்டு. ஒரு வரைபடம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம், பேங்க், பூங்கா, கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருக்கும். நேரே போ, இடதுபக்கம் திரும்பு, கோயிலைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டும். சுலபமான மார்க். உங்கள் ஊர் வரைபடத்தை நீங்களே போட்டு வழி எழுதுங்கள் என்றோம். பசங்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிக்கு வழி போட்டார்கள். ஊர்த்தெரு வழியாக நேரே வந்தால் ஐந்து நிமிஷம். ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் ஏரிக்கரையைச் சுற்றி வருகிற வழியைத்தான் எழுதியிருந்தார்கள். நேரே போ என்ற இரண்டு வார்த்தைக்கு ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். நேரே போகும் தெருதான் நமக்கு இல்லை. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியுமா?

மூன்றாவது பேசுதல். எனக்கு இதுதான் முக்கியம். நம்முடைய பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காததற்கு ஆங்கிலம் தெரியாதது மட்டும் காரணமில்லை. அவன் தமிழிலேயே வாயைத் திறப்பதில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். 'இஸ்துகினு', 'வலிச்சிகினு' என்று பேசினால் சிரிப்பு. "இன்னாடா இது காலனி பாஷ" என்று கேள்வி. ஒன்றாம் வகுப்பிலேயே அவன் தமிழைப் பிடுங்கிவிட்டு, வேறு யாரோ ஒருத்தருடைய தமிழைக் கொடுக்கிறார்கள். அதோடு ஆங்கிலமும் வந்து சேர்கிறது. இரண்டிலும் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை ஊமையாகிறது. அப்புறம் மெல்லக் கற்கிறான் என்று பட்டியல் போடுகிறார்கள். பாமாவின் 'கருக்கு' 1992 இல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதே நூல் ஆங்கிலத்துக்குப் போய் இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. கொச்சை என்று ஒதுக்கிய வாயிலிருந்துதான் இலக்கியம் வந்தது.

அதனால் எங்கள் வகுப்பில் பேச்சுக்கு இரண்டே விதிகள். பேசுகிறவன் முடிக்கிறவரைக்கும் யாரும் திருத்தக் கூடாது. யாரும் சிரிக்கக் கூடாது. 'என் பொழுதுபோக்கு' என்றெல்லாம் தலைப்புக் கொடுப்பதில்லை. தெரிந்ததைப் பேசு. மீன் பிடிப்பது, செங்கல் அறுப்பது, பறையைக் காய்ச்சுவது, மாட்டுக்கறி ஆக்குவது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து நின்று சொன்னான்: "மை ஃபாதர் மதர் கோ சுகர்கேன் கட்டிங். சிக்ஸ் மந்த். ஐ அண்ட் சிஸ்டர் பாட்டி ஹவுஸ். நைட் சிஸ்டர் கிரையிங். ஐ நோ கிரையிங்." இலக்கணப்படி பார்த்தால் ஒரு வாக்கியமும் தேறாது. ஆனால் அந்தக் கையேட்டுப் பத்தியைவிட இதுதான் ஆங்கிலம். சொல்ல அவனுக்கு ஒன்று இருந்தது, சொன்னான், எங்களுக்குப் புரிந்தது. 'கோ'வை 'கோஸ்' ஆக்குவதா 'வென்ட்' ஆக்குவதா என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். தமிழில் எதிராளியைக் கூப்பிடுவதற்குள் ஆயிரம் யோசனை வருகிறது. நீ, நீங்க, ஐயா, சாமி, ஆண்டே. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் இந்த ஊரே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஒருவன் தாசில்தாராகவும் இன்னொருவன் மனுக்காரனாகவும் நடித்துப் பேசும்போது, தமிழில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பையன் ஆங்கிலத்துக்கு மாறியதும் கையைப் பிரித்துவிட்டான். யாரும் சொல்லித்தரவில்லை.

இதை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்திரபான் பிரசாத் 2006 முதல் மெக்காலே பிறந்தநாள் கொண்டாடினார். 2010 இல் உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டும் வேலை தொடங்கியது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்கு எதற்கு இன்னொரு தேவி? சாதி ஆங்கிலமும் பேசும். அமெரிக்காவுக்கு விமானம் ஏறிப்போய் அங்கேயும் குடியேறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போடவேண்டி வந்தது. ஆங்கிலத்தைக் கும்பிட வேண்டாம். மண்வெட்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் மண் வராது. பிடித்து வெட்டத் தெரிய வேண்டும்.

தமிழ்வழிக் கல்வி பேசும் தோழர்கள் கோபப்படுவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கணக்கும் அறிவியலும் தாய்மொழியில்தான் புரியும் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். 2012 இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கினார்கள். பல இடங்களில் நடப்பது என்ன? பலகையில் ஆங்கிலவழி, வகுப்பில் தமிழ் விளக்கம், தேர்வில் புரியாமல் ஒப்பித்த ஆங்கிலம். முன்பு ஒரு பாடத்தில் ஒப்பித்த பிள்ளை இப்போது நான்கு பாடத்தில் ஒப்பிக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. தமிழில் படிக்கட்டும், ஆங்கிலத்தை ஆங்கிலமாகப் படிக்கட்டும், வாயைத் திறந்து. ஆனால் தோழர்களிடம் ஒன்று கேட்பேன். மேடையில் தாய்மொழிக் கல்வி பேசுகிற நீங்கள் உங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் போட்டிருக்கிறீர்கள்? அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுங்கள்.

நம் முன்னோருக்கு இதிலெல்லாம் குழப்பம் இருந்ததில்லை. ரெட்டமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படிக்கும்போது, சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மணி அடிக்கும்வரை வெளியே ஒதுங்கியிருந்து வகுப்புக்குள் போனதை 1939 இல் வெளிவந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு பேசிப் பழகப் பயந்த அந்தப் பையன்தான் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து நமக்காகப் பேசினார்.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாயில் ஒரே அறை கொண்ட வீடு. இரவு இரண்டு மணிவரை அப்பா விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டு அந்த இடத்தில் படுத்துக்கொள்வார். ராம்ஜி சக்பால் தன் மகனுக்கு ஹோவர்டு ஆங்கில வாசகங்களையும் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களையும் கரைத்துப் புகட்டினார். தேர்வுக்கான பயிற்சிதான். மனப்பாடமும் அதில் உண்டு. ஆனால் 'இது போதும்டா' என்று அந்த அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறினார் அம்பேத்கர். மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 750க்கு 282. நூற்றுக்கு 38கூட இல்லை. அந்தப் பையன் இன்றைக்கு நம் அரசுப் பள்ளியில் இருந்திருந்தால் ஜனவரிப் பட்டியலில் அவன் பெயரும் இருந்திருக்கும். அவன் கையிலும் அந்த மெல்லிய கையேட்டைத் திணித்திருப்பார்கள். 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் 1936 இல் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் எழுதியதும் அந்த 282க்குப் பிறகுதான். 282 அவருக்கு முடிவாக இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு 35 ஐ முடிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மெல்லக் கற்போர் என்ற பட்டியலையும் 35 மார்க் கையேட்டையும் கைவிட வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் கையேடு கொடுப்பது வைத்தியமாகாது, ஆறாம் வகுப்பு ஜூனில் ஆசிரியரைக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசுவதற்கும் கேட்பதற்கும் இருபது மதிப்பெண் ஒதுக்கி, ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்தில் இரண்டு பாடவேளையை அதற்கென்று விட வேண்டும். உச்சரிப்பைப் பார்த்து மார்க் போடக் கூடாது, சொன்னது புரிந்ததா என்று பார்த்துப் போட வேண்டும். விடுதிகளில் மாலை ஆறு முதல் எட்டு வரை ஓர் ஆங்கில ஆசிரியர் இருக்க வேண்டும். பலகை எழுதிய செலவில் கொஞ்சம் இதற்கும் ஆகட்டும்.

நம்மிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. இடஒதுக்கீட்டில் படித்து, வேலைக்குப் போய், டவுனில் மனை வாங்கி வீடு கட்டி, ஏப்ரல் 14 க்கு மட்டும் காலனிக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே! படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று 1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கர் கலங்கினாரே, அது யாரைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள்? உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் கேட்கிறோம். பிழையில்லாத ஆங்கிலம் உங்களுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பிள்ளை பேசி முடிக்கிறவரை சிரிக்காமல் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தால் போதும்.

ஜனவரிப் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜூனிலேயே தொடங்குங்கள். கூடம் இல்லையென்றால் வேப்பமரத்தடி இருக்கிறது. புத்தகத்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. வாய் நம்மிடமே இருக்கிறது.